சுவரில் தொங்கிய வண்டிப்பாதை

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி இரண்டு நாற்காலிகள்மேல் படுக்க வைத்தார்கள்.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் ஒரு லாட்ஜின் முன் ஹால் அது. மேலே ஃபேன் ஓடியது. தரையில் ஃபினாயில் வாசனை. காலையில் அந்தத் தரையைத் துடைத்தவள் என் மனைவி தெரசா. துடைத்த மாப்பைக் கையில் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

தாலுகா ஆபீஸ் ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருக்கு எதிரில் என் சித்தப்பா மகன் அந்தோணி. கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"சவரிமுத்து, இதுல உங்க வழி எங்க இருக்குது?" என்றார் ஆர்.ஐ.

விரலை வைத்துக் காட்டினேன்.

"தொடாதீங்க பெரியவரே" என்றார் லாட்ஜ் மேனேஜர்.

விரலை எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் படம் பார்த்துப் பழக்கமில்லை. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. மாதா படம், காலண்டர் படம், ஓட்டுக் கேட்கிறவர்கள் படம். இவ்வளவுதான் நான் பார்த்தவை. ஆனால் அந்த ஒரு படத்தை என்னைப்போல யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். என் ஒன்றரைக் காணி நிலம் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

எழுதாத எட்டடி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கிணறு வெட்டிய கதையை எழுதியிருந்தேன். அதே நிலம்தான் இது. கோட்டைக்கு மேற்கே. ரோட்டை ஒட்டி அந்தோணியின் நிலம். அதைத் தாண்டி என்னுடையது. எனக்குப் பின்னால் பாறை. ரோட்டுக்கு வர வேண்டுமானால் அவன் நிலத்தின் வழியாகத்தான் வர வேண்டும்.

என் நைனாவும் அவன் நைனாவும் பாகம் பிரித்தபோது, வண்டி போக எட்டடி விட்டுக்கொள்வதாகப் பேசினார்கள். பத்திரத்தில் எழுதவில்லை. "அண்ணன் தம்பிக்குள்ள எழுத்து இன்னாத்துக்கு?" என்று என் நைனா சொன்னாராம். கூட இருந்தவர்கள் அதை நல்ல பேச்சு என்றார்களாம்.

பேசியவர்களும் செத்துப்போனார்கள். கேட்டவர்களும் செத்துப்போனார்கள்.

அந்தோணி தன் நிலத்தை மனை போடுகிறவர்களுக்குப் பேசி முடித்தான். நடுவில் எட்டடி வழி போனால் மனை குறையும். கோடையில் உழுதபோது வழியையும் சேர்த்து உழுதான்.

"இன்னாடா, தடத்த ஒழுதுட்ட?" என்று கேட்டேன்.

"டிராக்டர்காரன் தெரியாம ஓட்டிட்டான் அண்ணா. மழ வரட்டும். வரப்புப் போட்டு உட்டுடறேன்."

மழை வந்தது. நடவு வரைக்கும் அவன் வரப்புப் போடவில்லை. நடவு முடிந்த மறுவாரம் கல்லுக்கால் நட்டான். முள்கம்பி கட்டினான். ஆள் நுழைய ஒரு சந்து மட்டும் இருந்தது. பிறகு அதையும் கட்டினான்.

பாறைமேல் ஏறி இறங்கித்தான் என் நிலத்துக்குப் போனேன். உள்ளே நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அறுப்பு மிஷின் பாறை ஏறாது.

மனுக் கொடுத்தேன். சர்வேயர் வந்தார். நிலப்படத்தில் வழி இல்லை. போனில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தார். உழுத மண்தான் தெரிந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் வந்து சொல்வதாகச் சொன்னார்கள். அவர்களும் மனைக்கு நிலம் பேசியிருந்தார்கள். யாரும் வரவில்லை.

"பழக்கத்துல இருந்த வழின்னா ஏதாச்சும் ஆதாரம் வேணும். பழைய போட்டோ, கல்யாண வீடியோ, எது இருந்தாலும் குடுங்க" என்றார் ஆர்.ஐ.

தெரசா சிரித்துவிட்டாள். "வயக்காட்டுக்குப் போற வழிய எவன் சார் போட்டோ புடிப்பான்?"

"நம்ம வண்டி சுவத்துல ஓடுது"

அந்த மாதம்தான் தெரசா லாட்ஜ் வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"யோவ், நம்ம வண்டி அந்த லாட்ஜு சுவத்துல ஓடுது."

"இன்னாடி ஒளர்ற?"

"நீதான் ஓட்டிக்கினு போற. தலையில துண்டு. மூஞ்சி தெரியல. ஆனா முதுகு உன்னுதுதான். நாப்பது வருஷமா அதத்தான பாக்கறேன், நீ எங்க திரும்பிப் பேசன?"

மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு போனேன். ரிசப்ஷனுக்கு எதிர்ச் சுவரில் அந்தப் படம் கட்டில் அகலத்துக்குத் தொங்கியது. கீழே பித்தளைத் தகட்டில் இங்கிலீஷ் எழுத்து. மேனேஜர் படித்துச் சொன்னார்: இலையுதிர் காலத்தில் கிராமம்.

பின்னால் ராஜகிரிக் கோட்டைமலை. மேலே மேகம். மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளும். முன்னால் பழுத்த நெல். நடுவில் இரண்டு சக்கரத் தடம். தடத்தில் மழைத்தண்ணீர் நின்று வானம் தெரிந்தது. அதன்மேல் என் வண்டி. வண்டியில் இரண்டு வெள்ளை மாடுகள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ரூம் எடுக்க வந்த ஒரு ஜோடி அதன் முன்னால் செல்ஃபி எடுத்தார்கள். அந்தப் பெண் சொன்னாள்: "இங்க பாரேன், எவ்ளோ அமைதியா இருக்கு. டென்ஷனே இல்லாத லைஃப்."

பக்கத்தில் மாப் போட்டுக்கொண்டிருந்த தெரசா என்னைப் பார்த்தாள். படத்துக்குள் இருந்த ஆளுக்கு அதை வரைந்த வருடம் மழையில் பாதி வேர்க்கடலை முளைத்துப்போனது. முதுகில் அதெல்லாம் தெரியாது.

பாறைமேல் உட்கார்ந்தவர்

இருபது வருடம் இருக்கும். ஐப்பசி மாதம். கல்லறைத் திருநாள் முடிந்த வாரம். புதுச்சேரியிலிருந்து ஒரு டிராயிங் மாஸ்டர் வந்தார். என் நிலத்துப் பாறைமேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மழை விட்ட நேரமெல்லாம் வரைந்தார். லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த முதலாளி கேட்ட படம் என்று சொன்னார்.

நாங்கள் அப்போது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தோம். ஈர மண் வாசனையும் அவர் சாயத்தின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து அடிக்கும். மத்தியானம் தெரசா அவருக்கும் கூழ் ஊற்றுவாள். வேகவைத்த மல்லாட்டை கொடுப்பாள்.

மரத்துக்கு அவர் சிவப்புப் பூசியதைப் பார்த்தேன்.

"மாஸ்டர், ஐப்பசியில எங்க ஊருல எல கொட்டாது. மாசியிலதான் கொட்டும். கொட்டனாலும் செவக்காது. காஞ்சி வுழும்."

"தெரியுதுங்க. முதலாளி இலையுதிர் காலம்தான் வேணும்னு சொல்றார். ஏதோ வெளிநாட்டுக் காலண்டர்ல பார்த்தாராம்."

மல்லாட்டைக் காட்டைப் பழுத்த நெல்லாக்கினார். அதுவும் முதலாளி கேட்டதுதான். சரி என்று விட்டேன். படம் அவர்களுடையது.

பிறகு வண்டிக்கு வந்தார். அங்கேதான் நான் மறுபடியும் வாயைத் திறந்தேன்.

ஜோடி

என் மாடுகள் இரண்டும் வெள்ளை. ஒரே சந்தையில் ஒரே ஆளிடம் வாங்கியவை. வலது மாட்டுக்குக் கொம்பு உள்பக்கம் லேசாக வளைந்திருக்கும். நடை இரண்டுக்கும் ஒன்று. அவற்றை வண்டியில் பூட்டிப் போனால் டீக்கடையில் பேச்சு நிற்கும்.

வலது மாடு அந்த வருடம் ஆவணியில் செத்தது. வயிறு உப்பி, ஒரே பகலில் போனது. அந்தோணிதான் குழி வெட்டினான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவனுக்கு மாடு செத்தால் பங்காளி தன் மாட்டைக் கொடுப்பான். கூலி கிடையாது. இரண்டு பேர் வேலையையும் அந்த ஜோடியே பார்க்கும். அந்தோணி தன் செவலையைக் கொண்டுவந்து என் தொழுவத்தில் கட்டினான். "உன் மாடு என் மாடுன்னு இன்னா அண்ணா" என்றான். அன்று மனதிலிருந்துதான் சொன்னான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் வெள்ளையும் செவலையும் ஜோடி சேரவில்லை. செவலை குட்டை. நுகத்தடி ஒரு பக்கம் சாயும். டீக்கடையில் கேட்டார்கள்: "இன்னா சவரி, பாலு ஒரு பக்கம் டீ ஒரு பக்கமா வருது?" எல்லோரும் சிரித்தார்கள். மாடு வைத்திருந்தவனுக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

மாஸ்டர் அந்த ஜோடியைத்தான் வரைந்திருந்தார். இடது பக்கம் என் வெள்ளை. வலது பக்கம் செவலை. உள்ளபடி இருந்தது.

"மாஸ்டர், இத வெள்ளையா போடுங்க."

"ஏன்? கலருக்குக் கலர் எடுப்பா இருக்கே."

"அது என் மாடு இல்ல."

"வண்டியை இழுக்குதே."

"இழுக்குது. என் மாடு செத்துப்போச்சு. அது வெள்ள."

அவர் சாயப் பெட்டியைத் திறந்தார். பிறகு வெள்ளைச் சாயத்தைப் பிதுக்கினார். கொம்பு எப்படி வளையும் என்று கேட்டார். கையை மடித்துக் காட்டினேன்.

மாடு செத்தபோது நான் அழவில்லை. மாஸ்டர் அதை வரைந்த அன்று வெளிச்சம் போகிறவரை அந்தப் பாறையிலேயே நின்றேன். மாட்டை மாற்றச் சொன்னதைத் தெரசாவிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஹாலில்

ஆர்.ஐ. மரத்தைப் பார்த்தார். "எல்லாம் செவப்பா இருக்குதே. இது நம்ம ஊருதானா?"

"பின்னால ராஜகிரி பாருங்க சார்."

"ஆமா. அது சரியாத்தான் இருக்குது." படத்தைத் திருப்பச் சொன்னார். பின்பக்கம் மாஸ்டரின் கையெழுத்தும் மாதமும் வருடமும் இருந்தன. மறுபடியும் முன்பக்கம். "வழியும் தெளிவாத்தான் இருக்குது. நல்லா ஓடுன தடம்."

தெரசா மாப்பைச் சுவரில் சாய்த்தாள். எனக்கும் மூச்சு இறங்கியது.

அப்போது அந்தோணி கையைப் பிரித்தான். "சார், பின்னால இருக்கற வருஷத்த இன்னொரு தபா படிங்க."

ஆர்.ஐ. படித்தார்.

"அந்த வருஷம் ஆவணியிலயே அண்ணன் மாடு ஒண்ணு செத்துப்போச்சு சார். குழி வெட்டனவன் நான். ஊருக்கே தெரியும். ஐப்பசியில ரெண்டு வெள்ள மாடு எங்கேருந்து வந்துது? கேளுங்க."

ஆர்.ஐ. என்னைப் பார்த்தார். "செத்துப்போச்சா?"

"செத்துப்போச்சு சார்."

"அப்ப இது?"

"நான் போடச் சொன்னேன்."

தெரசா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும்.

"சார், வண்டியில அன்னிக்கி நெசமா கட்டியிருந்தது இவன் செவல. இவனே குடுத்தான். இவன் மாடுதான் அந்தத் தடத்துல என் மூட்டைய இழுத்துக்கினு வந்துது. மாஸ்டரு மொதல்ல அதத்தான் போட்டாரு."

இவ்வளவு நீளமாக நான் பேசியது குறைவு.

"என் செவலையா?" அந்தோணி ஃபேனைப் பார்த்துச் சொன்னான். "நான் இன்னாத்துக்கு அண்ணா குடுக்கறேன்? அந்த வருஷம் எனக்கே ஒழவு தலைக்கு மேல இருந்துது."

மேனேஜரிடம் மாஸ்டர் நம்பர் இருந்தது. ஆர்.ஐ. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மாஸ்டருக்கு வயதாகிவிட்டது. குரல் இழுத்து இழுத்து வந்தது. செஞ்சி, பாறை, கூழ் எல்லாம் ஞாபகம் இருந்தது.

"ஐயா, அந்த மாட்ட மாத்துனீங்களா?"

"ஆமா. அவர் கேட்டார். மாத்திக் குடுத்தேன்."

"மொதல்ல இன்னா மாடு இருந்துது?"

"வேற நிறம். ஏதோ ஒரு நிறம்."

"வேற இன்னா மாத்துனீங்க?"

"மரம் மாத்துனேன். பயிரை மாத்துனேன். மேகம்கூட நானாப் போட்டதுதான்."

"வண்டித்தடம்?"

"இருந்துதுன்னுதான் நினைக்கிறேன். படத்துக்கு நடுவுல ஒரு வழி இருந்தா நல்லாருக்கும். அதனால போட்டேனா... இல்லைங்க, இருந்துது. இருந்திருக்கணும்."

ஆர்.ஐ. போனை வைத்தார்.

தெரசா நேராகப் படத்துக்கு வந்தாள். குனிந்து வலது மாட்டின் வயிற்றில் நகத்தை வைத்துச் சுரண்டினாள்.

"ஏம்மா! ஏம்மா! கைய எடு!" மேனேஜர் ஓடிவந்தார்.

ஒரு அரிசி அளவு வெள்ளை பெயர்ந்தது. கீழே செவலை நிறம்.

"பாருங்க சார்" என்றாள். "கீழ நிக்குது பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். அந்தோணியும் பார்த்தான். அவன் கண் அதிலேயே கொஞ்சம் நின்றது. எனக்குத் தெரிந்தது.

"செம்மண்ணு சார்" என்றான். "எங்க மண்ணு செவப்புதான?"

ஆர்.ஐ. கண்ணாடியைக் கழற்றினார். "செவப்பு தெரியுதும்மா. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது மாடா, மண்ணா, யார் மாடு? நான் இன்னான்னு எழுதறது? மரம் மாறியிருக்குது, பயிர் மாறியிருக்குது, மாடு மாறியிருக்குது. வழி மட்டும் மாறலன்னு எப்படி எழுதுவேன்?"

கெட்ட ஆள் இல்லை அவர். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

தெரசாவை மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

நான் இதைப் பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். மாஸ்டர் மரத்தையும் பயிரையும் மாற்றியதால் எனக்குக் கெடுதல் இல்லை. அது வெளியூர்க்காரர் வேலை என்று ஆர்.ஐ. விட்டிருப்பார். செவலையை மட்டும் அப்படியே விட்டிருந்தால் போதும். அந்தோணியின் மாடே என் வழியில் நின்றிருக்கும். அவனால் அதை இல்லை என்று சொல்லியிருக்க முடியாது. செஞ்சியில் அவன் செவலையைத் தெரியாதவர் இல்லை.

தலைச்சுமை

தையில் கையால் அறுத்தோம். ஆள் கிடைக்கவில்லை. நானும் தெரசாவும் அவள் தங்கையும் மட்டும். கட்டுக் கட்டித் தலையில் வைத்துப் பாறை ஏறி இறங்கினோம். ஏறும்போது நெல் கொட்டியது. பாறை இடுக்கெல்லாம் நெல். குருவிகள் வந்தன. தெரசா ஒரு முறை வழுக்கி உட்கார்ந்தாள். கட்டை விடவில்லை. முட்டி கிழிந்தது. கொட்டியது போக மிஞ்சிய நெல் கடனுக்குப் போனது.

அடுத்த போகத்துக்கு டிராக்டர் உள்ளே வராது. மாடும் இல்லை. வழி இல்லாத நிலத்தை யார் குத்தகைக்கு எடுப்பான்?

மனை போடுகிறவர்கள் வந்தார்கள். அவர்கள் சொன்ன விலைதான். மாசியில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் கல்லுக்காலைப் பிடுங்கினார்கள். ஜேசிபி வந்தது. மத்தியானத்துக்குள் என் நிலம் வரைக்கும் ரோடு போட்டார்கள். இருபதடி.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அந்தோணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெஞ்சு ஆடியது. எனக்கும் சேர்த்து டீ சொன்னான். ரோட்டில் ஜேசிபி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"செவல குட்டதான் அண்ணா. ஆனா உன் வண்டிய நல்லா இழுத்துது இல்ல?"

நான் அவனைப் பார்த்தேன்.

"இத அன்னிக்கி சொல்லியிருக்கலாமேடா."

"அன்னிக்கி சொல்லியிருந்தா எனக்கு மனை போயிருக்கும்." டீயை ஊதினான். "இப்பதான் ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லியே. மனசுல வச்சிக்காத."

டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் தெரசா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முட்டியில் கட்டு இன்னும் இருந்தது. அந்தோணி சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

அவள் கஞ்சித்தண்ணி சொட்டுகிறவரை பானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

"அவன் சொன்னது ரெண்டாவது பொய்யி" என்றாள். "மொதப் பொய்யி உன்னுது."

தட்டில் போட்டு முன்னால் தள்ளினாள். ரேஷன் அரிசி. எங்கள் வீட்டில் அதுவரை அதைக் கோழிக்குத்தான் போட்டிருந்தோம்.

சாப்பிட்டேன்.